பல உலாவிகளுக்கு ஒரே ஸ்கிரிப்ட்: நீண்டகாலப் பயன்பாட்டில் நான் கண்டவை

2010-இல் நான் வலைப்பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியபோது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-க்கு ஒரு வழி, மற்றவற்றுக்கு வேறு வழி என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. சொடுக்கு போன்ற நிகழ்வைக் கவனிக்கும் கட்டளை மற்ற உலாவிகளில் ஆட்ஈவென்ட்லிசனர் என்றிருந்தது, அதில் அட்டாச்ஈவென்ட் ஆக இருந்தது. இந்தச் சுமையை ஜேகுவெரி என்ற ஆயத்த நிரல் நூலகம் ஏற்றுக்கொண்டதால் நானே எழுதவேண்டியது வெகுவாகக் குறைந்தது. ஆனால் சோதனைக்காகப் போட்ட, நிரலர் பார்க்கச் செய்தி அச்சிடும் ஒரு கன்சோல் வரியை நீக்க மறந்துவிட்டால் எந்த நூலகமும் காப்பாற்றாது. எக்ஸ்ப்ளோரர் 8-இல் டெவலப்பர் கருவியைத் திறக்கும்வரை கன்சோல் என்ற பொருளே இல்லை என்பதால், பக்கம் பாதியில் நின்றுவிடும். என்னவென்று பார்க்கக் கருவியைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். முதன்முறை இதில் சிக்கியபோது பயனர்தான் ஏதோ தவறாகச் சொல்கிறார் என்று அரை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

உலாவியின் பெயரைப் பார்த்துக் கிளை பிரிக்கும் முறையையும் அந்தக் காலத்தில் தாராளமாகப் பயன்படுத்தினேன். உலாவி தன்னை அறிமுகப்படுத்த அனுப்பும் யூசர் ஏஜென்ட் சரத்தில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் குறிக்கும் எம்எஸ்ஐஇ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது போதுமானதாகவே தோன்றியது. 2013-இல் வந்த எக்ஸ்ப்ளோரரின் 11-ஆம் பதிப்பு அந்த எழுத்துகளையே விட்டுவிட்டது. இதைவிட வேடிக்கை, ஓபெரா 10 தன்னை 9.80 என்று அறிவித்துக்கொண்டதுதான். 10 என்று சொல்லியிருந்தால், முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதைப் பதிப்பு 1 என்று முடிவுசெய்யும் தளங்கள் அவ்வளவு இருந்தன. அதன்பிறகு பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, தேவையான வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்கப் பழகினேன். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் மாற்ற நினைக்காத பழக்கம் இது ஒன்றுதான்.

இந்த வழக்கத்துக்குத் துணையாக 2016 முதல் பேபல் என்ற நிரல் மாற்றும் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். புதிய தொடரமைப்பைப் பழைய உலாவிகளுக்குப் புரியும்படி மாற்றுவதில் அதன்மீது எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் அது எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நம்பியது என் தவறு. ஒரு படிவத்தில் எண்களைச் சரிபார்க்க, எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், தேடும் இடத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் லுக்பிஹைண்ட் சேர்த்தேன். குரோமில் 2017 முதலே உள்ள இந்த வசதி, சஃபாரிக்கு 2023-இல் வெளியான 16.4-இல்தான் வந்தது. பேபல் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டது. விளைவு, அந்தப் படிவம் மட்டும் பழுதாகவில்லை. கோப்பைப் படிக்கும் கட்டத்திலேயே சஃபாரி மறுத்துவிட்டதால், படிவத்துக்குத் தொடர்பே இல்லாத மெனுகூடத் திறக்கவில்லை. இல்லாத ஃபங்ஷனுக்குப் பதிலாக நாமே எழுதிய மாற்று நிரலான போலிஃபில் போடலாம், இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஒதுங்கியும் போகலாம்; புரியாத தொடரமைப்புக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வரியே ஓடாது. இன்று அத்தகைய வடிவங்களை நான் தவிர்த்துவிடுகிறேன்; தவிர்க்க முடியாவிட்டால் தனிக் கோப்பில் வைக்கிறேன்.

இவற்றைவிட நேரத்தைத் தின்றவை, எல்லா உலாவிகளிலும் இருந்தும் வேறுவேறு விதமாக நடந்துகொண்டவை. ஒரு பட்டியலை முதலில் பெயர்ப்படியும், பிறகு தேதிப்படியும் வரிசைப்படுத்தினேன். ஒரே தேதி கொண்ட வரிகளுக்குள் பெயர் வரிசை கலையாமல் இருக்கும் என்பது என் எண்ணம். ஃபயர்ஃபாக்ஸில் அப்படியே இருந்தது. குரோமிலும் என் சோதனைத் தரவில் இருந்தது, ஏனென்றால் அதில் 8 வரிகளே இருந்தன. அன்றைய குரோம் 10 உறுப்புகள் வரை ஒரு முறையையும், அதற்கு மேல் வரிசை கலையக்கூடிய வேறொரு முறையையும் கையாண்டது என்பதை, உண்மையான தரவில் பெயர்கள் சிதறிய பிறகே படித்தேன். குரோம் இதை 2018-இல் 70-ஆம் பதிப்பில் சரிசெய்தது, மறு ஆண்டு மொழியின் தரநிலையே அதைக் கட்டாயமாக்கியது. அதற்குள் ஒப்பிடும் ஃபங்ஷனில் இரண்டு புலங்களையும் சேர்த்தே எழுதும் வழக்கத்துக்கு வந்துவிட்டேன்.

தேதியும் இதே ரகம்தான். “2019-03-01 10:30” என்று நடுவில் இடைவெளியுடன் கொடுத்தால் குரோம் ஏற்றுக்கொண்டது. அன்றைய சஃபாரி செல்லாத தேதி என்றது. தரநிலை வரையறுக்காத வடிவத்தை ஒவ்வோர் உலாவியும் தன் விருப்பப்படி படிக்கலாம் என்பதால் இதில் யாரையும் குறைசொல்ல வழியில்லை. சரத்தை நானே எண்களாகப் பிரித்து, மாத எண்ணில் 1 கழித்துக் கொடுக்கிறேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் இதுவரை ஏமாற்றவில்லை.

சோதனைக்கு, உலாவிகளைத் தானாக இயக்கும் ப்ளேரைட் கருவி போதும் என்று சொல்பவர்களுடன் பாதி உடன்படுகிறேன். குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் (சஃபாரியின் உள் இயந்திரம்) மூன்றிலும் ஒரே சோதனையை ஓட்டும் வசதியை இனி விடமாட்டேன். ஆனால் அதிலுள்ள வெப்கிட் கைபேசியிலுள்ள சஃபாரி ஆகிவிடாது. பயனர் ஒரு தளத்தைத் தொடாமல் 7 நாள் சஃபாரியைப் பயன்படுத்தினால், ஸ்கிரிப்ட் சேமித்த தரவை அது நீக்கிவிடும் என்ற 2020-ஆம் ஆண்டின் மாற்றம் எந்தத் தானியங்கிச் சோதனையிலும் எனக்குச் சிக்கவில்லை. பாதி நிரப்பிய படிவத்தை உலாவிக்குள்ளேயே சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்திருந்த பயனர்கள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. இப்போது வரைவுகள் சர்வருக்குப் போகின்றன.

2022 ஜூன் 15-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவு முடிந்ததும் போலிஃபில்களில் பெரும்பகுதியை நீக்கிவிட்டேன். ஒரே ஒரு பழைய வரி மட்டும் எஞ்சியிருக்கிறது. விசைப்பலகையில் நேரடியாக இல்லாத எழுத்துகளைத் தட்டச்சு செய்ய உதவும் உள்ளீட்டு மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்து என்டர் அழுத்தும்போது, அது எழுத்துக்கான என்டரா, செய்தியை அனுப்பும் என்டரா என்று அறிய ஒரு பண்பு இருக்கிறது. ஆனால் நான் சோதித்த சஃபாரியில் நிகழ்வுகளின் வரிசை மாறி வந்ததால், அது தவறான விடையைத் தந்தது. அழுத்திய விசையின் எண்ணான கீகோட், உள்ளீட்டு மென்பொருள் விசையைக் கையாள்வதைக் காட்டும் 229 தானா என்று பார்ப்பதுதான் கைகொடுத்தது. வழக்கொழிந்த பண்பு என்று எடிட்டர் அந்த வரியின் குறுக்கே கோடு போட்டுக் காட்டுகிறது. நீக்காதீர்கள் என்று அதன் மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.