சூப்பர்மேன் (2025): 13+னு போட்டிருக்காங்களே, நம்ம வீட்டு வாண்டுகளுக்குக் காட்டலாமா?

மொதல்லயே சொல்லிடுறேன், படம் நல்ல படம். எனக்குப் பிடிச்சுது, 9 வயசுப் பையனுக்கு வெறித்தனமா பிடிச்சுது, 6 வயசுப் பொண்ணுக்குப் பாதிப் படம் பிடிச்சுது, மீதிக்கு என் மடியில மூஞ்சிய புதைச்சுக்கிட்டா. அந்த மீதிய பத்திதான் இதை எழுதுறதே.

2025 ஜூலைல ரிலீஸ் ஆனப்ப பையன மட்டும் கூட்டிக்கிட்டு காரைக்குடில போய் பார்த்தேன், தமிழ் டப்பிங். தியேட்டர் பேரு வேணாம், சவுண்டு அப்படி ஒரு சவுண்டு, மொத சண்டைலயே பின் சீட்டுல ஒரு கைக்குழந்தை வீல்னு கத்த ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் நிக்கல, அந்தம்மா பாதிப் படத்தை வெளிய நின்னுதான் பார்த்திருப்பாங்க. அப்புறம் டிவில வந்ததும் லீவுக்கு பள்ளத்தூர்ல அப்பத்தா வீட்டுக்குப் போனப்ப அண்ணன் பிள்ளைக, நம்ம பிள்ளைக எல்லாத்தையும் பட்டாலைல பாயப் போட்டு உக்கார வச்சு ரெண்டாந்தடவ பார்த்தோம், ஒரு டின் சீப்பு சீடை காலி.

கதை ஈஸிதான். ஜேம்ஸ் கன் டைரக்‌ஷன், டேவிட் கோரன்ஸ்வெட்தான் சூப்பர்மேன். அவர் எப்படி பூமிக்கு வந்தார், எப்படி வளர்ந்தார்ங்கிற பழைய புராணமெல்லாம் கெடையாது, ரெண்டு வரி எழுத்துல சொல்லிட்டு நேரா பனில அடிபட்டு விழுந்து கெடக்குற ஆளத்தான் காட்டுறாங்க. ரத்தம் வருது, மூச்சு வாங்குது, ஒரு விசில் அடிக்கிறார், தூரத்துல இருந்து சிவப்பு கேப் கட்டுன வெள்ளை நாய் பனிய கெளப்பிக்கிட்டு ஓடி வருது. அதுதான் கிரிப்டோ! ஓடி வந்த நாய் தூக்கிவிடும்னு பார்த்தா மேல ஏறி குதிச்சு வெளையாடுது. பிள்ளைக அங்கயே விழுந்தாச்சு. டைரக்டரோட சொந்த நாய் பண்ணுன அட்டூழியத்தப் பார்த்துத்தான் இந்த கேரக்டரையே வச்சாராம், நம்புற மாதிரித்தான் இருக்கு.

எனக்குப் பிடிச்ச சீன் ஒண்ணு இருக்கு. ஊருக்குள்ள ஒரு பெரிய ராட்சச மிருகம் எல்லாத்தையும் மிதிச்சுக்கிட்டு வரும், அந்த களேபரத்துல மரத்தடில நிக்கிற ஒரு அணில சூப்பர்மேன் பாஞ்சு தூக்கி தள்ளி விடுவார். அரை நிமிஷம்கூட இருக்காது. அப்பத்தா அதுவரைக்கும் இது என்ன கூத்துனு வெத்தல இடிச்சுக்கிட்டு இருந்தவுக, "அட, அணிலயும் காப்பாத்துறாரு பாரு, அப்ப நல்ல பயதான்"னாக. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. என்னைய கேட்டா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுற இந்தப் படத்துல பிள்ளைகளுக்கு காட்ட வேண்டியது அந்த அணில்தான், மத்த பில்டிங் இடியிறதெல்லாம் எல்லாப் படத்துலயும் இடியுது.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். நம்ம சென்சார் போர்டு குடுத்தது யு/ஏ 13+. முன்னாடி யு/ஏன்னு ஒண்ணுதான் இருந்துச்சு, 2024ல அத 7+, 13+, 16+னு மூணா பிரிச்சாங்க. ஏ படத்துக்கு மாதிரி கேட்ல நிறுத்த மாட்டாங்க, பெத்தவங்க நீங்களே முடிவு பண்ணிக்கோங்கன்னு ஒரு தகவல், அவ்ளோதான். ஆனா இதே படத்துல ஹீரோவும் அவர் காதலி, பத்திரிகைல வேலை பாக்குற லோயிஸும் முத்தம் குடுக்குற 33 செகண்ட வெட்டிட்டாங்க. வெட்டட்டும். ஆனா என் பொண்ணு பயந்தது முத்தத்தப் பார்த்து இல்லீங்க.

லெக்ஸ் லூதர்னு வில்லன், நிக்கோலஸ் ஹோல்ட், சும்மா சொல்லக்கூடாது பொறாமைய கண்ணுலயே காட்டுறார். இவர் சூப்பர்மேன கண்ணாடிப் பொட்டிக்குள்ள அடைச்சு வச்சு, உண்மைய சொல்லுனு மிரட்ட, தெருவுல கடை வச்சிருக்குற ஒரு சாதாரண மனுஷன கொண்டாந்து உக்கார வச்சு தலைல துப்பாக்கிய வைக்கிறார். முன்னாடி ஒரு சண்டைல சூப்பர்மேன் கீழ விழுந்து கெடந்தப்ப ஓடி வந்து கை குடுத்து தூக்கி விட்ட மனுஷன் அவரு. குண்டு ஒண்ணுதான் இருக்கு, ஒவ்வொரு தடவையா அழுத்துறான். கிளிக். கிளிக். அப்புறம் சுட்டுடுறான். ரத்தம் பெருசா காட்டல, ஆனா அந்த கிளிக் சத்தம் எனக்கே வயித்த பெசஞ்சுது. தியேட்டர்லயே பார்த்ததுனால வீட்ல ஓட்டி விடணும்னு ப்ளான் பண்ணித்தான் உக்காந்தேன், ஆனா காப்பி கேட்டாகன்னு ரெண்டாங்கட்டுக்குப் போனேன் பாருங்க, திரும்பி வர்றதுக்குள்ள இவ ஓடி வந்து சேலைய பிடிச்சுக்கிட்டா. "அந்த மாமாவ ஏம்மா சுட்டாக, அவுக நல்லவுக தானே?" ராத்திரி படுக்கறப்பவும் அதே கேள்வி. பறக்குற ஆளு எத்தனை பேர் அடி வாங்குனாலும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, கடை வச்சிருக்குற மாமா செத்தா அது நம்ம செட்டியார் கடை மாமா.

இன்னும் ரெண்டு எடம் இருக்கு. ஒரு பொம்பள மூக்கு வாய் வழியா பொடிப் பொடி மெஷின விட்டு சூப்பர்மேன் மூச்ச நிறுத்துற சண்டை, சின்னதுக முகத்த மூடிக்கும். கிரிப்டோவ கடத்திட்டுப் போறதும் பெரிய அழுகை, ஆனா அதுக்கு மருந்து கடைசில இருக்கு, நாய் லெக்ஸ வச்சு செய்யும், கவலப்படாதீங்க. இன்னொண்ணு, சூப்பர்மேன பெத்த அப்பா அம்மா அனுப்புன வீடியோல பூமிய ஆளச் சொல்லி, நெறைய பொண்டாட்டி கட்டச் சொல்ற மாதிரி ஒரு பேச்சு வருது. அண்ணன் பையன் "எதுக்கு நெறைய?"ன்னான், எல்லாரும் சீடைய கடிச்சோம்.

கொற சொல்லணும்னா ஆளுங்க ரொம்ப ஜாஸ்தி, யார் யாருன்னு பையன் விளக்கி விளக்கி எனக்கு தலை சுத்திடுச்சு. லோயிஸ் பேட்டி எடுக்குற சீன் எனக்கு அருமை, பிள்ளைகளுக்கு அப்பதான் பாத்ரூம் வருது.

ஆக 9, 10 வயசுக்கு மேல தாராளமா காட்டலாம், பக்கத்துல உக்காந்துக்கோங்க. அஞ்சு ஆறு வயசுக்கு தியேட்டர் மாதிரி சத்தத்துல வேண்டவே வேண்டாம், வீட்ல காட்டுனா கண்ணாடிப் பொட்டி சீன் வந்ததும் ஓட்டி விட்டுடுங்க, கைக்குழந்தை ஒண்ணு வர்ற எடத்துல இருந்து திரும்ப போட்டா கதை புரியும். ரிமோட்ட நீங்களே வச்சுக்கோங்க, காப்பிய அப்புறம் போட்டுக்கலாம்.