சர்வர் பயாஸுக்குள்ள போக நாலு வழி: நேர்ல, கன்சோல்ல, சீரியல்ல, ஸ்கிரிப்ட்ல

வீட்டு கம்ப்யூட்டர்ல பயாஸ்க்கு (ஓஎஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) போகணும்னா ஆன் பண்ணுன உடனே ஒரு கீய தட்டுவோம், அவ்ளோதான். சர்வர்ல அப்படி இல்ல. மெமரி நிறைய இருக்கிற மெஷின் போஸ்ட் (ஆன் ஆனதும் தன்னைத்தானே சோதிச்சுக்கிறது) முடிக்கவே சில நிமிஷம் எடுத்துக்கும், சரியான நேரத்துல கீய தட்டலன்னா நேரா ஓஎஸ் ஏறிடும், மறுபடி ரீஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி உட்காந்திருக்கணும். கீயும் ஆளுக்கு ஒண்ணு: டெல்னா எஃப்2, ஹெச்பிஇ புரோலையன்ட்னா எஃப்9, லெனோவோ திங்க்சிஸ்டம்னா எஃப்1, சூப்பர்மைக்ரோன்னா டெலீட். நான் அதிகமா தொடுறது டெல் ஆர்740, அத வச்சே சொல்றேன்.

நேர்ல போறது. டேட்டா சென்டர்ல தள்ளிட்டு வர்ற வண்டில மானிட்டர், கீபோர்டு இருக்கும், ஆர்740க்கு முன்பக்கமே விஜிஏ போர்ட் இருக்குறதால பின்னாடி சூட்டுல போய் நிக்க வேண்டாம். புதுசா வந்த மெஷின், மேனேஜ்மென்ட் ஐபி இன்னும் போடல, இல்ல ஐடிராக்கே (தூரத்துலேர்ந்து சர்வர பாத்துக்க டெல் உள்ளயே வச்சிருக்கிற தனி சின்ன கம்ப்யூட்டர்) தொங்கிடுச்சுன்னா இதான் வழி. ஆனா ஐடிராக் ஓடிட்டு இருந்தா, நேர்ல போனாலும் மானிட்டர் தேட வேண்டிய அவசியம் இல்லங்கிறது நிறைய பேருக்கு தெரியல. முன்பக்கம் ஒரு சின்ன மைக்ரோ யுஎஸ்பி போர்ட் இருக்கும், சாதாரண கேபிள்ல லேப்டாப்ப மாட்டிட்டு பிரவுசர்ல 169.254.0.3 அடிச்சா நேரா ஐடிராக் பக்கம் வந்துடும். டீஃபால்ட் பாஸ்வேர்ட், மெஷின் முன்னாடி இழுத்தா வர்ற சின்ன பிளாஸ்டிக் பட்டைல ஒட்டியிருக்கும் (பழைய மெஷின்ல எல்லாத்துக்கும் யூசர் ரூட், பாஸ்வேர்ட் கால்வின்தான்).

அடுத்தது விர்ச்சுவல் கன்சோல், அதாவது சர்வர் திரைய ஐடிராக் வழியா பிரவுசர்லயே பாக்கிறது, பெரும்பாலானவங்க பண்றது. சௌகரியம்தான், மறுக்கல. ஆனா இதுல காசு விஷயம் ஒண்ணு இருக்கு, ஐடிராக் எக்ஸ்பிரஸ் லைசென்ஸ்ல ரேக் சர்வருக்கு கன்சோல் வராது, என்டர்பிரைஸ் வேணும். ஹெச்பிஇ ஐலோ (அவங்களோட ஐடிராக் மாதிரி) ஸ்டாண்டர்ட் லைசென்ஸ்ல ஓஎஸ் ஏறுற வரைக்கும் கன்சோல் குடுத்துடறாங்க, பயாஸ் பாக்க அது போதும், இந்த விஷயத்துல ஐலோ பக்கம்தான் என் ஓட்டு. இன்னொரு தொல்லை, பிரவுசர் நம்ம கீய பிடுங்கிக்கும், எஃப்11 தட்டுனா பூட் மெனுக்கு பதிலா ஃபுல் ஸ்கிரீன் ஆகும், எஃப்12 தட்டுனா டெவலப்பர் டூல்ஸ் திறக்கும், லேப்டாப்ல எஃப்என் கீ வேற. அதனால கீய தட்டவே தட்டாதீங்க, கன்சோல்ல பூட் மெனுல பயாஸ் செட்டப்ப அடுத்த பூட்டுக்குன்னு குறிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, தானா உள்ள போய் நிக்கும். ஐபிஎம்ஐடூல்லயும் (சர்வர தூரத்துலேர்ந்து ஓட்டுற கமாண்ட்) இதே வேலைய ஒரே வரில குடுக்கலாம்.

மூணாவது சீரியல் ஓவர் லேன், அதாவது சர்வரோட சீரியல் போர்ட்ல வர்ற எழுத்துத் திரைய நெட்வொர்க் வழியா பாக்கிறது, இதத்தான் நான் மனசார சொல்ல வந்தேன், ஏன்னா இத யாரும் மதிக்கிறதே இல்ல. ஒரு தடவ ஊருக்கு போயிருந்தப்போ ராத்திரி போன் வந்துச்சு, ஒரு மெஷின் பூட் ஆர்டர் மாறி நெட்வொர்க் பூட்லயே சுத்திட்டு இருக்கு, என்கிட்ட இருந்தது மொபைல் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். கன்சோல் படம் பாதி வந்து நின்னு போச்சு, மௌஸ் நகரல. சீரியல்ல வெறும் எழுத்து மட்டும்தான் வருது, அதனால அந்த லைன்லயே தடங்கல் இல்லாம ஓடுச்சு. அதுல எஃப்2 டெர்மினலுக்கு டெர்மினல் வேற மாதிரி போகும், நம்பாதீங்க, எஸ்கேப் தட்டிட்டு 2 தட்டணும் (ஹெச்பிஇல எஸ்கேப், 9). உள்ள போய் பூட் ஆர்டர மாத்தி சேவ் பண்ணி வெளிய வந்தேன், மெஷின் எழுந்துடுச்சு. ஐபிஎம்ஐடூல்ல இந்த சீரியல் இணைப்ப விட்டு வெளிய வர்றதுக்கு டில்டா (~), புள்ளி. ஆனா நடுவுல எஸ்எஸ்ஹெச் (இன்னொரு மெஷின்ல டெர்மினல் வழியா லாகின் பண்றது) வழியா போயிருந்தா டில்டா ரெண்டு தடவ தட்டணும், இல்லன்னா அந்த எஸ்எஸ்ஹெச்சே அறுந்துடும்.

இதுக்கு ரெண்டு நிபந்தனை. பயாஸ்ல சீரியல் ரீடைரக்‌ஷன முன்கூட்டியே ஆன் பண்ணி வச்சிருக்கணும், பாட் ரேட் (சீரியலோட வேகம்) பயாஸ்லயும் ஐடிராக்லயும் ஒண்ணா இருக்கணும், நான் 115200 வைப்பேன். அப்புறம் ஐபிஎம்ஐ 2.0ல (சீரியல் ஓவர் லேன் ஓடுற புரோட்டோகால்) ஒரு பெரிய ஓட்டை இருக்கு, லாகின் பண்றதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டோட ஹாஷ (பாஸ்வேர்டுலேர்ந்து கணக்கு போட்டு எடுத்த குறி, அத வச்சு பாஸ்வேர்ட ஊகிக்கலாம்) கேக்கிறவன் கைல குடுத்துடும், 2013லயே வெளிய வந்த விஷயம், புரோட்டோகால்லயே இருக்கிறதால பேட்ச் பண்ணி முழுசா சரி பண்ணவும் முடியாது. ஐபிஎம்ஐயோட 623 போர்ட்ட வெளி நெட்வொர்க்குக்கு திறந்து வைக்கவே கூடாது, தனி விலேன்லதான் (பிரிச்சு வச்ச நெட்வொர்க்) வைக்கணும். இல்லன்னா ஐடிராக்குக்கு எஸ்எஸ்ஹெச் போட்டு அங்கேர்ந்து காம்2 (சர்வரோட ரெண்டாவது சீரியல் போர்ட்) கன்சோல எடுங்க, அதே திரைதான் வரும்.

கடைசி வழி, உள்ளயே போகாம மாத்துறது. ரேக்அட்ம் (ஐடிராக்குக்கு டெல் குடுக்கிற கமாண்ட்), இல்ல ரெட்ஃபிஷ் (ஸ்கிரிப்ட்லேர்ந்து சர்வர மாத்த டிஎம்டிஎஃப்ங்கிற அமைப்பு 2015ல வெளியிட்ட ஸ்டாண்டர்ட்). ஒரு மெஷினுக்கு இது வீண் வேலை, இருபது மெஷின்ல ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர ரெண்டா காட்டுற பிராசஸர் வசதி) ஆஃப் பண்ணணும்னா இத விட்டா வேற கதி இல்ல. ஆனா டெல்ல ஒரு இடத்துல ஏமாந்துடுவோம், நானும் ஏமாந்திருக்கேன். வேல்யூவ செட் பண்ணுனா அது பெண்டிங்ல போய் உட்காந்துக்கும், அப்ளை பண்ண தனியா ஒரு ஜாப் போடணும். அத போடாம இருபதையும் ராத்திரில ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், எழுந்து பாத்தா ஒண்ணுலயும் மாறல, மெயின்டனன்ஸ் நேரம் மொத்தமும் போச்சு. ஹெச்பிஇல ஜாப் கிடையாது, செட் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுனா எடுத்துக்கும்.

இப்பல்லாம் புது மெஷின் ரேக்ல ஏறுன அன்னைக்கே, ஓஎஸ் போடுறதுக்கு முன்னாடி, அந்த மைக்ரோ யுஎஸ்பில மாட்டி ஐபி, பாஸ்வேர்ட், சீரியல் மூணையும் முடிச்சுட்டு, பட்டைல இருக்கிற ஸ்டிக்கர போட்டோ எடுத்து வச்சுட்டுதான் அந்த எடத்த விட்டு நகருறேன்.