அலுமினிய ஹப்பும் எர்த் இல்லாத வீடும்

மைத்துனன் நேற்றுக் கேட்டான்: “மாமா, உங்களிடம் இருக்கிற அந்த அலுமினிய யூஎஸ்பி ஹப், விலை பாதியாக இறங்கியிருக்கிறது. வாங்கட்டுமா?” வாங்கு, வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடிய வேண்டிய விஷயம். ஆனால் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வாய் நீண்டுவிடுகிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பின் ஒரு துளையைப் பல துளைகளாக்கித் தரும் கருவி அது. எத்தனை போர்ட் (செருகும் துளை), என்ன வேகம் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே இருக்கிறது. அதில் பொய் இல்லை. வாங்கிச் சில வருடங்கள் ஆகியும் செருகும் இடம் ஒன்றுகூடத் தளரவில்லை. மே மாதத்தில் நாள் முழுக்க ஓடினாலும் கை பொறுக்கும் சூடுதான். உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே பரப்பிவிடும் அந்த அலுமினிய ஓட்டுக்குத்தான் இந்தப் பெருமை சேரும்.

என் பொறுமையைச் சோதித்ததும் அதே ஓடுதான். மொசைக் தரையில் வெறுங்காலை ஊன்றியபடி, மணிக்கட்டின் உட்புறம் ஹப்பின் விளிம்பில் உரசினால் சுருக்கென்று ஒன்று ஏறும். தூக்கிப்போடும் ஷாக் இல்லை. விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்த்தால், வழவழப்பாக இருக்க வேண்டிய உலோகம் நறநறவென்று அதிர்வதாகத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் தரை ஈரம் பூத்துக் கிடக்கும்போது இன்னும் மோசம். செருப்பைப் போட்டுக்கொண்டால் அடியோடு காணாமல் போய்விடும். மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரைச் செருகிவிட்டால் சுருக்கு இரட்டிப்பாகும்.

கடைசியில் ஒருநாள் அந்த எச்டிஎம்ஐ போர்ட் செத்தது. உத்தரவாதம் முடிய இன்னும் காலம் இருந்ததால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். குளிர்சாதன அறையில் ஷூ போட்ட காலோடு நின்றிருந்த இளைஞர் ஹப்பைத் தொட்டுப் பார்த்து, “ஒன்றும் அடிக்கவில்லையே சார்” என்றார். அந்த ஷூவோடு எப்படி அடிக்கும்? பிறகு ஒரு சீட்டு வந்தது: நிலைமின்சாரத்தால் ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்தில் அடங்காது.

நிலைமின்சாரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வறண்ட காற்றில் கம்பளத்தின் மேல் நடந்தாலே மனித உடம்பில் பல ஆயிரம் வோல்ட் சேர்ந்துவிடும். ஏறத்தாழ 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்கே அது உறைக்கும். ஆனால் சில நுண்சில்லுகள் சில நூறு வோல்ட்டிலேயே செத்துவிடும். அதாவது நமக்குத் தெரியாமலே கொல்லலாம். சென்னையின் ஐடி அலுவலகச் சாலையான ஓஎம்ஆரில் மைத்துனன் வேலை செய்யும் அலுவலகத்தில், கம்பளமும் நைலான் நாற்காலியும் நாளெல்லாம் குளிர்சாதனமுமாக இருக்கிற இடத்தில், கதவுக் கைப்பிடியைத் தொட்டு அவனே துள்ளியிருக்கிறான். அங்கே சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். திருவான்மியூரில், கடலுக்குப் பக்கத்தில், துவைத்த சட்டை காய மறுக்கும் என் வீட்டில்? கடல்காற்று உள்ளே வராத கத்திரி வெயில் மத்தியானங்களை விட்டால் இந்த ஊர்க் காற்றில் ஈரம் குறைவதே அபூர்வம். ஈரக் காற்றில் மின்னூட்டம் தங்காது, கசிந்துவிடும். தவிர, நிலைமின்சாரம் ஒரு முறை சுளீரென்று அடித்துவிட்டுத் தீர்ந்துபோகும். கை வைத்திருக்கும் வரை விடாமல் நறநறப்பது வேறு ஆள்.

அந்த வேறு ஆள், வீட்டு மின்சாரமேதான். லேப்டாப் சார்ஜரின் உள்ளே, 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே, மின்காந்த இரைச்சலை அடக்குவதற்காக ஒய் வகை மின்தேக்கி ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் வழியே துளி மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். இரட்டைக் காப்புள்ள இரண்டு பின் சார்ஜரில் இந்தக் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உயிருக்கு ஆபத்தில்லை, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒரு வீட்டில் இருந்தாலும், 30 மில்லி ஆம்பியரில் விழுகிற அது இதைச் சட்டைகூடச் செய்யாது. மூன்று பின் வைத்த மானிட்டர், பிரிண்டர் வகையறாக்களில் கசிவு கூடுதல். அதைக் கொண்டுபோய் மண்ணில் விடுவதற்காகத்தான் அந்தத் தடித்த மூன்றாவது பின். எர்த் இல்லாத வீட்டில் அது எங்கே போகும்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் எர்த் பட்டை வழியாக எல்லாக் கருவிகளின் கசிவும் ஒன்றுசேர்ந்து, வெளியேற வழியின்றி அத்தனை உலோக உடம்புகளிலும் ஏறி நிற்கும். எச்டிஎம்ஐ வயரின் உலோக உறை அதை ஹப்புக்கும் கொண்டுவந்து சேர்க்கும்.

எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை ஹப்பின் மேல் வைத்ததும் அதன் நியான் விளக்கு மங்கலாகச் சிவந்தது. மல்டிமீட்டரில் நூறு வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. எர்த் இல்லாமல் மிதக்கும் உடம்பு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பாதியில் நிற்கும். 230இல் பாதி 115, கணக்குச் சரி. பிறகு பையிலிருந்து ஹோல்டரோடு ஒரு குண்டு பல்பை எடுத்தார். ஒரு வயரை ஃபேஸில், இன்னொன்றை நியூட்ரலில் வைத்தார், எரிந்தது. நியூட்ரலில் இருந்ததை எடுத்து எர்த் துளையில் வைத்தார். இருட்டு. அறை அறையாகப் போய் வைத்தார். எங்குமே எரியவில்லை. “எர்த்தே இல்லை சார். கீழே மண்ணில் புதைத்த எர்த் குழாய் இற்றுப்போயிருக்கும்.”

அடுத்த மூச்சில், சாக்கெட்டிலேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் சுருக்கு நின்றுவிடும் என்றார். உண்மைதான், நின்றுவிடும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹப் எல்லாவற்றின் மேலும் முழு 230 வோல்ட் வந்து உட்காரும். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் செய்திருந்தால் இன்றே பிரிக்கச் சொல்லுங்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் எர்த் குழிக்குப் பணம் வாங்கிய கதையை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. லிஃப்ட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஒரே கூட்டத்தில் ஒத்துக்கொண்டவர்கள், பழைய குழாய் துருவாக உதிர்ந்து வந்ததை நேரில் பார்த்த பிறகுதான் தலையசைத்தார்கள். புதுக் குழாய் இறங்கியது, கரியும் உப்பும் போட்டார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் வயர் இழுத்தார்கள். எங்கள் வீட்டில் பல்பு இப்போது எர்த் துளையிலும் பளிச்சென்று எரிந்தது. லேப்டாப் சார்ஜருக்கும் மூன்று பின் வயர் மாற்றிக்கொண்டேன். அன்றோடு சுருக்கு போயிற்று.

செத்த போர்ட்டை, எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படி அடியில் உட்கார்ந்திருந்தவர் பிழைக்க வைத்தார். போர்டைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் எர்த் செய்த மேசைத் தகட்டில் புறங்கையை வைத்துவிட்டுத்தான் தொட்டார். நிலைமின்சாரத்தைப் பற்றிச் சீட்டு எழுதியவர்கள் அப்படிச் செய்ததை நான் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடிக்குக் கீழே எள் அளவு பாதுகாப்பு டயோடு ஒன்று கருகியிருந்ததைக் காட்டினார். “இது தன் உயிரைக் கொடுத்து உள்ளே இருக்கிற ஐசி சில்லைக் காப்பாற்றிவிட்டது சார்.” மானிட்டரில் செட்டாப் பாக்ஸும் சேர்ந்திருந்ததா என்று கேட்டார். இருந்தது. தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி வயரின் உறை வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். இங்கே நூறு வோல்ட்டில் மிதக்கும் உடம்போடு அதைத் திருகினால் பொறி பறக்கும், அந்த மின்சாரம் எச்டிஎம்ஐ வழியாகவும் பாயும் என்றார். கேபிள்காரர் வந்துபோன வாரத்தில்தான் போர்ட் போனது. அதனால்தான் போனது என்று சத்தியம் செய்ய மாட்டேன். டயோடை மாற்றக் கேட்ட பணம் ஒரு மதியச் சாப்பாட்டு விலை.

ஆக, ஹப்பின் மேல் குற்றம் இல்லை. வீட்டின் வியாதியை அது வெளியே காட்டியது, அவ்வளவுதான். டயோடு வைத்துக் கட்டியவர்கள் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு இந்தக் கட்டுரையைத் தட்டும் கீபோர்டும் அதில்தான் செருகியிருக்கிறது. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தகும்.

நான் கொடுப்பது இரண்டு. டேய் மாப்பிள்ளை, உன் மேடவாக்கம் வீடு புதிது, எர்த் இருக்கிறது, உனக்குச் சுருக்கு வராது, விலையும் மலிவு. இருந்தாலும் வாங்காதே. அந்தச் சீட்டை எழுதியவர்களுக்கு நம் குடும்பத்துப் பணம் இன்னொரு ரூபாய் போக வேண்டாம். பிளாஸ்டிக் ஓடு போட்டதாக வேறொன்றைப் பார். சூடாகும், பொறுத்துக்கொள்.