முன்வரத் தயங்குபவர்களுக்கு ஒரு பயிற்சி ஏடு

ஜெபக்குழு நடத்தப் பழக்கும் 6 வார ஏடு. 'யார் பொறுப்பெடுக்கிறீர்கள்?' என்றதும் தலையைக் குனிந்துகொள்பவர்களுக்கு ஏற்றது. முதல் வாரம் ஆரம்ப ஜெபம் மட்டும். 3-ஆம் வாரம்தான் 10 நிமிட வேதபாடம். இந்த வரிசை சரி. வேதாகமத்தில் யாத்திராகமம் 18:21-இல் மோசேயின் மாமனார் எத்திரோ சொன்ன, ஒரு தலைவருக்குப் பத்துப் பேர் என்ற அளவையே குழுவுக்கும் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் கூச்சமுள்ளவர்கள் வாயே திறப்பதில்லை. கேள்வி கேட்டபின் 10 விநாடி சும்மா இருங்கள் என்ற குறிப்பு ஒன்றே கொடுத்த காசுக்குப் பெறும்.

ஓட்டை பெரிது. சபைப் பொறுப்பை விரும்புவது நல்லது என்னும் 1 தீமோத்தேயு 3:1-ஐக் காட்டி உற்சாகப்படுத்துகிறவர்கள், 3:6-இல் வரும் 'நூதன சீஷன்', அதாவது புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவர், பொறுப்புக்கு வரக்கூடாது என்ற எச்சரிக்கையைத் தொடவேயில்லை. ஞானஸ்நானம் எடுத்த சூட்டோடு பொறுப்பைத் தலையில் கட்டினால் பெருமை பிடிக்கும், இல்லையென்றால் சோர்வு. சபையின் மூத்த பொறுப்பாளரான மூப்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே நடத்துங்கள். எழுத்தும் பொடி, கண்ணாடி வேண்டும்.