54,000 ரூபாய் கட்டி நான் வாங்கியது வேறொருவருடைய செடியூல்

சென்ற வைகாசி மாதம், மட்டக்களப்பு நகருக்கு அண்மையில் இயங்கும் ஓர் உடற்பயிற்சி நிலையத்துக்கு 54,000 ரூபாய் செலுத்தி, ‘உங்களுக்கென்றே தயாரிக்கப்படும்’ என்று சொல்லப்பட்ட 12 வாரப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தேன். பயிற்சி தொடங்கிய ஐந்தாம் நாள் வைத்தியசாலைக் கட்டிலில், கையில் சேலைன் ஊசியுடன் கிடந்தேன். நிலையத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. என் முறைப்பாட்டுக்கு இன்னும் முடிவு வரவில்லை என்பது ஒரு காரணம். இதே முறையில் பணம் வாங்குகின்ற இடம் அது ஒன்று மட்டுமல்ல என்பது மற்றொரு காரணம். பெயரை விட அவர்கள் நடந்துகொண்ட விதத்தைத் தெரிந்துகொள்வதே சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்கள் கேட்காமல் விட்டவை எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. எனக்கு 46 வயது. கல்லடியில் வீடு, அரச அலுவலகமொன்றில் நாள் முழுவதும் கதிரையில் இருந்து செய்யும் வேலை. இரண்டு ஆண்டுகளாகக் கொலஸ்ரோல் குளிசை எடுக்கிறேன். வலது முழங்கால் படியேறும்போது நோகும். சனி, ஞாயிறுகளில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரையில் உள்ள வயலுக்குப் போய்விடுவேன். உன்னிச்சைக் குளத்து நீரில் சிறுபோகம் செய்கிற நிலம் அது. சித்திரையில் செய்த இரத்தப் பரிசோதனையில் வெறுவயிற்றுச் சீனியின் அளவு 112 என்று வந்தது. 100க்கும் 125க்கும் இடைப்பட்ட அளவை நீரிழிவுக்கு முந்திய நிலை என்பார்கள். சீனி வருத்தத்தால் என் தகப்பனாருக்குக் கால் பெருவிரலை வெட்ட வேண்டி வந்ததைப் பார்த்தவன் நான். ஆகவே எனக்கு வேண்டியிருந்தது வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை அல்ல. அந்த 112ஐக் கீழே கொண்டுவருவது மட்டும்தான்.

முதல் நாள் வெயிலில் சைக்கிள் மிதித்து வியர்வையுடன் போன என்னை, ஓர் இயந்திரத்தின் மீது வெறுங்காலுடன் ஏற்றினார்கள். அது அச்சிட்டுத் தந்த தாளில் ‘உடல் வயது 58’ என்று இருந்தது. இவ்வகை இயந்திரங்கள் மெல்லிய மின்னோட்டத்தை உடலினூடாகச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையிலிருந்து கொழுப்பின் அளவைக் கணித்துச் சொல்பவை. குடித்த நீர், உண்ட உணவு, வியர்வை ஆகிய எல்லாமே அந்தக் கணிப்பை மாற்றிவிடும். இதைப் பின்னர்தான் அறிந்தேன். அன்றைக்கு அந்த 58 என்ற எண் என் வாயை அடைத்துவிட்டது. ‘75,000 ரூபாய்த் திட்டம், இன்றைக்கு மட்டும் 54,000’ என்றார்கள். பணத்தைப் பயிற்றுநரின் தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. நிரப்பத் தந்த படிவத்தில் பெயர், எடை, உயரம், ரீசேட்டின் அளவு ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். என்ன மருந்து எடுக்கிறீர்கள், எங்கே நோகிறது, எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போகிறீர்கள், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்ற கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை.

மறுநாள் தொலைபேசிக்கு வந்த செடியூல் 14 பக்கம் கொண்டது. கிழமைக்கு ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம், சனிக்கிழமையும் உண்டு. வயல் இருக்கிறது என்றேன். “வயலுக்கு ஆள் பிடிக்கலாம் அண்ணன், உடம்புக்கு ஆள் பிடிக்கேலாது” என்று பதில் வந்தது. அப்போது அது கெட்டித்தனமான பதிலாகத்தான் பட்டது. உணவுப் பட்டியலில் ஓட்ஸ், புரொக்கோலி, ஒலிவ் எண்ணெய், நாளுக்கு ஆறு முட்டையின் வெள்ளைக்கரு, இருவேளை தோலில்லாத கோழி இறைச்சி. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு நாட்களில் எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு, பருப்பு, களப்பு மீன், கீரை என்று எங்கள் அடுப்பில் வேகும் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. சைவ நாட்களுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது 18,500 ரூபாய்க்கு ஒரு புரதமா டப்பாவை நீட்டினார்கள். அதில் இறக்குமதியாளரின் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை. நல்லவேளையாக அதற்கு என்னிடம் பணம் இருக்கவில்லை.

திங்கட்கிழமை கால்களுக்கான நாள். பாரத்துடன் குந்தி எழுதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல், பெட்டியின் மீது பாய்ந்து ஏறுதல் எனச் சேர்த்துப் பார்த்தால் 20 செற்றுகளுக்கு மேல் இருந்தன. தகரக் கூரை, இரண்டே இரண்டு காற்றாடிகள், மாலை நான்கரை மணி. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடாத, குந்தி எழாத கால்கள் அவை. பாதியிலேயே தொடைகள் நடுங்கத் தொடங்கின, போதும் என்றேன். “நோகுதெண்டாத்தான் அண்ணன் வேலை செய்யுது” என்று சொல்லி எண்ணிக்கையைத் தொடர்ந்தார்கள். செவ்வாயும் புதனும் நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடந்தது. புதன் இரவு மலசலகூடத்தில் குந்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழக்கமில்லாத பயிற்சி செய்தால் இரண்டு மூன்று நாளைக்குத் தசை நோவது வழமை என்று தெரியும் என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டேன். வியாழன் மீண்டும் கால்கள். வெள்ளிக்கிழமை காலை சிறுநீர், சாயம் கூடிய வெறுந்தேநீரின் நிறத்தில் போனது.

வைத்தியசாலையில் முதலில் கேட்ட கேள்வி, வயலுக்குப் போனீர்களா என்பதுதான். எங்கள் மாவட்டத்தில் தசை நோவுடன் சிறுநீரின் நிறமும் மாறி வருபவரைப் பார்த்தால் வயல் சேற்றிலும் நீரிலும் இருந்து தொற்றும் எலிக்காய்ச்சலைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். காய்ச்சல் இல்லை, கண் சிவக்கவில்லை என்று கண்ட பிறகு கிரியேற்றின் கைனேஸ் என்ற நொதியை அளந்தார்கள். இருநூறு அளவில் இருக்க வேண்டியது எனக்கு 18,000ஐத் தாண்டியிருந்தது. தசை நார்கள் உடைந்து, அவற்றுள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய் அங்கே சேதம் விளைவிக்கும் நிலை இது; கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். உடல் பழகாத கடும்பயிற்சி, வெக்கை, போதிய நீர் குடிக்காமை ஆகியவை இதை வரவழைக்கும். நான் எடுக்கும் ஸ்ரற்றின் வகைக் கொலஸ்ரோல் குளிசையும் இந்த அபாயத்தைக் கூட்டக்கூடியது என்று வைத்தியர் விளக்கினார். நான்கு நாள் சேலைன் ஏற்றியதில் சிறுநீரகம் தப்பியது. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற ஒற்றைக் கேள்வியைச் சேர்ந்த அன்றே கேட்டிருந்தால், அந்தத் திங்கட்கிழமைப் பட்டியலை விஷயம் தெரிந்த எவரும் என்னிடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கட்டிலில் கிடந்தபடி, வேறு வேலையின்றி, அந்த 14 பக்கத்தையும் முதன்முறையாக முழுமையாக வாசித்தேன். முதற்பக்கத்தில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தின் அடியில், அழிக்க மறந்த சிறிய எழுத்தில், எனக்குத் தெரியாத ஓர் இளைஞனின் பெயரும் ‘வயது 24, இலக்கு: மேடைப் போட்டி’ என்ற குறிப்பும் இருந்தன. ஆணழகன் போட்டிக்குப் பல வருடம் தயாராகி வந்த ஒருவனுக்கு எழுதியதையே எனக்கென்று தயாரித்ததாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள். அவனுக்கு அது சரியான செடியூலாக இருந்திருக்கலாம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் மருத்துவ அறிக்கை கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனேன். பின்னர், செலுத்திய பணம் மீளளிக்கப்படமாட்டாது என்று படிவத்தின் அடியில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள். மூன்றாம் முறை அழைத்தபோது தொலைபேசியை எடுக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைத்துவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்தேன். பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் அங்கே முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாததால் வங்கிப் பரிமாற்றத்தின் பிரதியையும், குறுஞ்செய்திகளையும், அந்த ஒன்பதாம் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். இதை வாசிப்பவர்கள் எங்கு சேர்ந்தாலும் நிலையத்தின் பெயரிட்ட பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதப் பணத்தை ஒரேயடியாகக் கட்டாமல் மாதமாதம் கட்டுவதற்குக் கேளுங்கள். அதற்கு இணங்காத இடத்தை விட்டு விலகுங்கள்.

குணமான பின்னர் வைத்தியர் என்னை அனுப்பியது, அரச வைத்தியசாலைகளில் 35 வயதைக் கடந்தவர்களுக்கென நடத்தப்படும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு. இரத்த அழுத்தம், சீனி, எடை எல்லாவற்றையும் அங்கே பணம் வாங்காமல் பார்த்தார்கள். இருபது நிமிடம் இருத்திவைத்து, எத்தனை மணிக்கு எழும்புவேன் என்பதிலிருந்து வயலில் என்ன வேலை செய்வேன் என்பது வரை கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும்தான். அமெரிக்காவில் என்னைப் போல நீரிழிவின் வாசலில் நின்றவர்களிடம் செய்து 2002இல் வெளியான ஆய்வொன்றில், எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிட உழைப்பும் இலக்காக வைக்கப்பட்டிருந்தன. அந்த வழியில் போனவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. என் இயந்திரத் தாளிலும் 58 என்றே இருந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இப்போது கிழமையில் நான்கு நாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கல்லடிப் பாலத்தின் மேல் 40 நிமிடம் வேகமாக நடக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் கதிரையில் இருந்து எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், அரிசிப் பையைத் தூக்குதல் என 25 நிமிடம். இரண்டுக்கும் இடையே இரண்டு நாளாவது ஓய்வு. பன்னிரண்டு தடவை இலகுவாகச் செய்ய முடிந்தால்தான் பாரத்தைச் சிறிது கூட்டுவேன். வயல் வேலை கடுமையான கிழமையில் நடையைக் குறைத்துக்கொள்வதில் எனக்குக் குற்ற உணர்வு கிடையாது. புரட்டாதியில் பார்த்தபோது சீனி 101. எடை நான்கு கிலோதான் இறங்கியிருக்கிறது, படம் எடுத்துப் போடும் அளவுக்கு ஒன்றுமில்லை.

போன கிழமை, 51 வயதான என் மைத்துனி அதே இடத்தில் சேரப்போவதாகச் சொல்லி, ‘மாதிரிக்கு’ என்று அவர்கள் அனுப்பிய செடியூலை எனக்கு அனுப்பியிருந்தார். நேரே ஒன்பதாம் பக்கத்துக்குப் போனேன். அந்த இளைஞனின் பெயரை அழித்திருந்தார்கள். வயது 24 என்பது அப்படியே இருந்தது.