‘ஸ்டுடியோ தரம்’ என்ற பேச்சை நம்பி அரை மாதச் சம்பளம் போச்சு: போனுக்கு வயர்லெஸ் மைக் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரிதான் தெரிந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். போனில் ஒலிப்பதிவு செய்ய என்ன வாங்கலாம், வாங்கியதை எப்படிச் சோதிக்கலாம் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

ஆட்களைப் பேட்டி எடுத்து ஒலித் தொகுப்பாகக் கொடுப்பது என் வேலை. தனியாக ரெக்கார்டர் தூக்கிக்கொண்டு போவதை விட்டு நாளாயிற்று, போனே போதும். போனுக்குள் இருக்கும் மைக்கை மட்டமாக நினைக்காதீர்கள். சிப்போடு சேர்த்துச் செய்த, அரிசி மணி அளவு ‘மெம்ஸ்’ மைக்தான், ஆனாலும் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் குரலை நன்றாகவே வாங்கும். சிக்கல் தூரத்தில்தான். மைக் இரண்டு மடங்கு தள்ளிப் போனால் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும், ஃபேன் சத்தம் இறங்காது. குரல் சிறுத்துவிட்டதே என்று போன் தானாக அளவை ஏற்றும், கூடவே ஃபேனும் ஏறும். அதனால்தான் சட்டையில், மோவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுகிற மைக் வேண்டியிருக்கிறது.

என்னிடம் பழைய வயர் மைக் ஒன்று உண்டு. அதன் பின்னில் இரண்டு கறுப்பு வளையம், டிஆர்எஸ் வகை. போனின் 3.5 மில்லிமீட்டர் துளைக்கு மூன்று வளையம் உள்ள டிஆர்ஆர்எஸ் வேண்டும். அதற்கும் ஒரு அடாப்டர் வாங்கி ஓட்டினேன். 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையையே எடுத்த பிறகு மற்ற கம்பெனிகளும் வரிசையாக எடுத்தன. இப்போதிருக்கும் என் போனிலும் இல்லை. சரி, அடாப்டருக்கு மேல் அடாப்டர் எதற்கு, வயர்லெஸ்ஸே வாங்கிவிடுவோம் என்று நினைத்தேன். சனி அங்கேதான் பிடித்தது.

ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம். அதில் ஒரு விற்பனையாளர். போனின் டைப்-சி துளையில் செருகும் ரிசீவர், சட்டையில் மாட்டும் மைக், ஜிப் வைத்த பெட்டி. ‘48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டுடியோ தரம், நாய்ஸ் கேன்சலிங்.’ விலை என்னுடைய அரை மாதச் சம்பளம். மலிவாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அரை மாதச் சம்பளம் கேட்கிறானே, அப்போது நல்லதாகத்தான் இருக்கும் என்று மூளை தானே ஒரு கணக்குப் போட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விற்பனையாளருக்கு மெசேஜ் போட்டேன். அவரே வீடியோ காலில் வந்தார். மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்கு நடந்தார். முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். குரலைத் தாழ்த்தினார். “இப்ப கேக்குதா சார்? இப்ப?” கேட்டது, தெளிவாகவே கேட்டது. “ரெண்டு வருஷமா நானே இதைத்தான் சார் யூஸ் பண்றேன். உங்க குரலுக்கு இது அப்படியே ரேடியோ மாதிரி இருக்கும்” என்றார். அந்த ரேடியோவில் விழுந்துவிட்டேன்.

இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வீடியோ கால் ஒலியைப் பிழிந்து சுருக்கித்தான் அனுப்பும். அதையும் போன் ஸ்பீக்கரில் கேட்டேன். அந்த வழியாக வந்தால் உலகத்திலேயே சிறந்த மைக்கும் அந்த டப்பாவும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் கேட்கும். இத்தனை வருடம் இந்த வேலையில் இருப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பொருள் வந்தது. “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்லிப் பார்த்தேன், பதிவானது, பெட்டியில் வைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள்தான் உண்மையான வேலை வந்தது. எண்பது தாண்டிய பெரியவர். அவரைப் பேசச் சம்மதிக்க வைக்கவே மூன்று மாதம் ஆனது. போய் உட்கார்ந்தால் மைக்கில் சார்ஜ் இல்லை. அது ஏறட்டும் என்று போனை மட்டும் அவர் முன்னால் மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பேசினோம். அப்புறம் மைக்கை மாட்டி இரண்டு மணி நேரம்.

நேற்று ராத்திரி கம்ப்யூட்டரில் ஏற்றி நல்ல ஹெட்ஃபோனில் கேட்டேன். வாக்கியத்தின் கடைசி எழுத்தெல்லாம் காணாமல் போயிருக்கிறது. வயதானவர், மூச்சு முடிகிற இடத்தில் குரல் தணியும். தணிந்ததும் அந்த ‘நாய்ஸ் கேன்சலிங்’ அதைச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடுகிறது. “அன்னிக்கு ராத்திரி திரும்பி வந்…” அவ்வளவுதான். வந்தேனா, வந்தானா, வந்தாளா? நம் மொழியில் யார் என்பதே அந்தக் கடைசி அசையில் அல்லவா இருக்கிறது! பதினைந்து தடவை ஓடவிட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. ‘ச’வும் ‘ஸ’வும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கிக் கிடக்கின்றன.

ஆடாசிட்டி என்கிற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றினேன். ஒலியில் கீழ் சுருதி முதல் மேல் சுருதி வரை என்னென்ன இருக்கிறது என்று படமாகக் காட்டுவது அது. 8 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்த மாதிரி ஒரு கோடு. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. ஃபைல் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 தடவை ஒலியை அளந்தது என்றுதான் சொல்கிறது. அந்த எண்ணில் பாதி வரை ஒலி பதியும், அப்படியானால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்கு இடம் உண்டு. ஆனால் 8இல் நிற்கிறது என்றால், மைக்குக்கும் ரிசீவருக்கும் நடுவில் எங்கேயோ 16 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்கிவிட்டு, பிறகு பெரிய ஃபைலில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். புளூடூத் ஹெட்செட்டில் போன் பேசும்போது பெரும்பாலும் கிடைப்பதும் அதே 16தான். உள்ளே என்ன சிப் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அண்டா பெரியது, அடியில் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். இதற்கா அரை மாதச் சம்பளம்?

மைக்கே இல்லாமல் மேசை மேல் கிடந்த போன் பதிவு செய்த அந்தப் பத்து நிமிடம் மட்டும் நன்றாக இருக்கிறது. கடைசி எழுத்து வரை கேட்கிறது. அதுதான் தாங்கவில்லை.

காலையில் விற்பனையாளருக்கு எழுதினேன். “உங்க போன் செட்டிங்கை மாத்திப் பாருங்க சார்.” மாற்றினேன், அதே கோடு. “உங்க ஆப் சரியில்ல சார்.” மூன்று ஆப்பில் பதிந்து அனுப்பினேன். “பேசுறது கேக்குதா இல்லையா சார்?” கேட்கிறது என்றேன். “அப்போ மைக் வேலை செய்யுதுல்ல?” அதோடு பதில் நின்றது. வீடியோ காலில் அத்தனை மரியாதையாகப் பேசிய அதே ஆள்.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையில், “உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். ஏழு நாள் முடிந்துவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது” என்றார்கள். பொருள் உடைந்ததாக நான் சொல்லவில்லை, எழுதிய தரம் இல்லை என்கிறேன் என்று விளக்கி, ஸ்பெக்ட்ரோகிராம் படத்தை அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “படத்தில் பொருள் தெளிவாகத் தெரியவில்லை. தயவுசெய்து பொருளின் படத்தை அனுப்பவும்.” மைக்கின் படத்தையும் எடுத்து அனுப்பினேன். “பொருளில் சேதம் எதுவும் காணப்படவில்லை” என்று புகாரை முடித்துவிட்டார்கள். சேவை எப்படி இருந்தது, ஸ்டார் கொடுங்கள் என்று உடனே இன்னொரு மெசேஜ்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. கைக்கு வந்ததை மட்டும் சொல்கிறேன். வீடியோ காலிலோ, சாட்டில் வரும் குரல் பதிவிலோ கேட்டு மைக் வாங்காதீர்கள், சுருக்காத அசல் வேவ் ஃபைலை மெயிலில் கேளுங்கள். பொருள் வந்த அன்றே, திருப்பும் நாள் முடிவதற்குள், மைக் முன்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பதிந்து ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள். சாவிச் சத்தம் மேலே வரை போகும், நடுவில் அறுந்து நின்றால் உடனே திருப்புங்கள். நாய்ஸ் கேன்சலிங்கை முழுக்க அணைக்க முடியாத மைக் வேண்டவே வேண்டாம். போன் எந்த மைக்கில் பதிகிறது என்று போனின் மைக், சட்டை மைக் இரண்டையும் விரலால் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பதியும்போது ஏரோப்ளேன் மோடு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்கு மேல் பிடிக்கும், இடம் இருக்கிறதா பாருங்கள். முக்கியமாக, இன்னொரு போன் இருந்தால் மேசை மேல் ஓடவிடுங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

அரை மாதச் சம்பளத்தை எப்படியோ ஈடுகட்டிவிடலாம். பெரியவருக்குப் போன் போட்டு, ஐயா, இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.