கீமோவுக்குப் ‘பாதுகாப்புத் தேன்’: காசு கொடுக்கும் முன் படியுங்கள்

“கீமோ ஊசியின் விஷத்தை முறிக்கும், கிட்னியைக் காக்கும், காய்ச்சாத ஒரிஜினல் மலைத்தேன்.” வாட்ஸ்அப்பில் இப்படி விற்கிறார்கள். ஏமாறுவது பெரும்பாலும், எதையாவது செய்துவிட மாட்டோமா என்று தவிக்கும் வீட்டார்தான். புற்றுநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்ய, மாய மருத்துவ விளம்பரங்களுக்கு எதிரான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. கெட்டிக்கார வியாபாரி அப்படி எழுதமாட்டார். ‘பக்கவிளைவு வராது’ என்பார்.

ஆதாரம் என்று அனுப்பும் ஆய்வைத் திறந்தால் அநேகமாக எலிதான் இருக்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய எலிக்குத் தேன் கொடுத்ததில் சிறுநீரகச் சேதம் குறைந்ததாம். இருக்கட்டும். மனிதருக்குச் செய்வது வேறு: ஊசிக்கு முன்னும் பின்னும் சலைன் (உப்புநீர் டிரிப்), தேவைப்பட்டால் மெக்னீசியம், ஒவ்வொரு சுற்றுக்கும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. ஐபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து என்றால் மூத்திரப்பையைக் காக்க மெஸ்னா என்ற மருந்து. தேனை நம்பி இவற்றில் ஒன்றைத் தள்ளிப்போட்டால் அடி சிறுநீரகத்துக்கோ மூத்திரப்பைக்கோதான்.

தேனுக்குச் சற்று ஆதாரம் உள்ள இடம் வாய்ப்புண். அதுவும் தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு. ஆய்வுகளில் 20 மில்லி தேனைக் கதிர்வீச்சுக்கு 15 நிமிடம் முன்பும், 15 நிமிடம் பின்பும், 6 மணி நேரம் கழித்தும் வாயில் சுழற்றி மெதுவாக விழுங்கச் செய்தார்கள். இதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

‘காய்ச்சாதது’ என்று பெருமையாகச் சொல்வதில்தான் ஆபத்தே. பல மருந்துகளில் ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக் கவுன்ட் அடிமட்டத்துக்குப் போகும். பச்சைத் தேனில் ஈஸ்ட்டும், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகளும் இருக்கலாம். வீட்டில் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. பிரஷரில் 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். கவுன்ட் குறைந்திருக்கும்போது பச்சைத் தேன் வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு தொல்லை. வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனே சர்க்கரையை ஏற்றும். ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது.

சுத்தமானதா என்று பார்க்கத் தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது எல்லாம் வீண். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரிலும் தீக்குச்சியிலும் பாஸாகிவிடும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் 13 பிராண்டுகளைச் சோதித்தது. கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்எம்ஆர் என்ற நவீன ஆய்வகச் சோதனை உட்பட எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 தான். உறைந்த தேனைக் கலப்படம் என்று கொட்டவும் வேண்டாம். நல்ல தேனும் உறையும்.

பில், பேட்ச் எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். ஏமாந்திருந்தால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். நோயாளி ஏற்கெனவே குடித்திருந்தால் திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். பாட்டிலையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூலிகைப் பொடி கலந்தது என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே.